கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

தேனிக்கு வந்து போகிறவர்களில் பலர் அல்லிநகரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தாலும், தாங்கள் பார்த்தது அல்லிநகரம் என்று அறிந்திருக்க மாட்டார்கள். இரண்டு ஊர்களும் அப்படி ஒட்டிக் கொண்டு கிடக்கின்றன. நகராட்சியின் பெயர்ப் பலகையில் மட்டும் 'தேனி-அல்லிநகரம்' என்று இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பாகப் பிரிவினை செய்து கொள்ளாத அண்ணன் தம்பியைப் போல் காட்சி அளிக்கின்றன. சந்தையும் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் தேனியின் பங்குக்குப் போய்விட்டன. பழைய தெருக்களும், திண்ணை வைத்த சில வீடுகளும், 'நாங்கள்தான் மூத்தவர்கள்' என்ற பெருமையும் அல்லிநகரத்தின் பங்குக்கு வந்திருக்கின்றன.

ஊருக்கு மேற்கே நீல நிறமாக மலைத் தொடர். அதன் அடிவாரத்தில் வீரப்ப அய்யனார் கோயில். சித்திரை மாதம் முதல் தேதி ஊரே அந்தக் கோயிலுக்குத் திரண்டு போகும். அக்கினிக் குஞ்சு போன்ற சித்திரை வெயிலில் நடந்து களைத்து வருகிறவர்களுக்கு வழியில் நீர்மோரும் பானகமும் கொடுப்பது நம் பக்கத்துத் திருவிழாக்களில் மாறாத வழக்கம். மோர் ஊற்றுகிறவரை நன்றாய்ப் பார்த்தால், தாகத்தோடு வந்தவர் முகத்தைக் காட்டிலும் அவர் முகம் அதிகமாகக் குளிர்ந்திருக்கும்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடம் சொல்லி வருகிறோம். பெற்றோர்கள் நம்மிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பையன் கணக்கில் கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரு மிட்டாய் கிடைத்தால் தங்கச்சிக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான். யாராவது ஏதாவது செய்தால் நன்றி என்ற நினைப்பே இல்லை. இதற்கு ஏதாவது நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்" என்பார்கள். புத்தகம் வேண்டாம், பஸ் சார்ஜ் இருந்தால் போதும் என்பது நமது பதில். தேனியில் பஸ் ஏறித் தென்மேற்கே கம்பம் வழியாக மலையடிவாரம் வரையில் ஏறக்குறைய 35 மைல் போய் வந்தால், ஈகையையும் நன்றியறிதலையும் பற்றி நாலு வகுப்புக்கு வேண்டிய பாடம் வழியிலேயே கிடைக்கும்.

அப்படி ஒரு பிரயாணத்தை 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் தேதி மேற்கொண்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு வண்டி ஏறுவோம்.

நமக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் ஒரு பண்டிகையை முன்னிட்டு ஒரு தனவந்தர் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கினார். நல்ல காரியம். ஆனால் வழங்கியது போதாதென்று, ஒவ்வொரு பிள்ளையும் புகைப்படக்காரரின் முன்னால் நின்று, நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக் கொண்டு, கொடுத்தவரின் பெயரைச் சொல்லி நன்றி கூற வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். சரியாகச் சொல்லாத பிள்ளைகள் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவை சொல்லும்படி நேர்ந்த ஒரு பையன், மறு நாள் அந்த நோட்டுப் புத்தகங்களை ஒரு பக்கம் கூட எழுதாமல் கொண்டு வந்து மேஜையின் மேல் வைத்துவிட்டுப் போய் விட்டான். "திமிரைப் பார்த்தீர்களா?" என்றார்கள் சிலர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையனுக்கு அன்று கற்றுக் கொடுக்கப்பட்ட பாடம் நன்றி அல்ல; வெட்கம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டால் பிள்ளைகள் ஆயுள் முழுவதும் இரண்டையும் வெறுப்பார்கள்.

சமயம் என்பது இந்த விஷயத்தில் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லுகிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆவல் நமக்கு அப்போதுதான் உண்டாயிற்று. உபந்நியாசத்தில் சொல்லுவதை அல்ல. ஊர் வழக்கத்தில் சொல்லுவதை. அந்த வருஷம் தை முதல் நாள் ஜனவரி 14-ஆம் தேதி. ஆகையால் மாட்டுப் பொங்கலும், கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்கள் கொண்டாடும் இன்னொரு பிறந்த நாளும் 15-ஆம் தேதியன்றே சேர்ந்து வந்தன. இரண்டு வேன்களில் இருபத்திரண்டு குழந்தைகளையும், அவர்களைக் கட்டி மேய்க்கச் சில தாய்மார்களையும், ஒரு குழந்தையின் அப்பத்தாவையும் ஏற்றிக் கொண்டு விடியற் காலையில் புறப்பட்டோம். நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி வைத்த பையனும் வந்திருந்தான்.

தேனியிலிருந்து 5 மைல் தூரத்தில் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். கண் பார்வை இழந்த வீரபாண்டிய மன்னன் இங்கே வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது தல வரலாறு. சித்திரைக் கடைசியில் இந்தக் கோயிலில் 8 நாள் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் தேனிச் சீமையில் எந்தச் சாலையும் வீரபாண்டிக்குத்தான் போகும் என்று சொல்லலாம். அக்கினிச் சட்டி எடுப்பவர்களும், ஆயிரங்கண் பானை எடுப்பவர்களும், உடம்பெல்லாம் சேறு பூசிக் கொள்பவர்களுமாக ஜன சமுத்திரம் அலை மோதும். தை மாதத்துக் காலை வேளையில் அந்தச் சந்தடி எதுவும் இல்லை. ஆறு தன் பாட்டுக்கு ஓடிக் கொண்டிருந்தது.

"இங்கே வந்து நில்லுங்க" என்று அப்பத்தா குழந்தைகளைக் கூப்பிட்டார். "திருவிழாவுக்கு முந்தியே கம்பம் நட்டுருவாங்க. மூணு கொம்பு உள்ள மரம். தெனமும் ஆத்துல குளிச்சிட்டு, ஈரச் சேலையோட ஒரு செம்புத் தண்ணி மோந்துக்கிட்டுப் போயி அந்தக் கம்பத்துக்கு ஊத்துவோம். எங்காத்தா கூட்டிட்டு வந்தப்ப எனக்கு அஞ்சு வயசு. செம்பு தூக்க முடியல. ரெண்டு கையிலயும் அள்ளிக்கிட்டு ஓடுனேன். போய்ச் சேர்றதுக்குள்ள முக்காவாசி ஒழுகிப் போச்சு. மிச்சத்தை ஊத்துனேன்."

"சாமி கோவிச்சுக்கலையா, அப்பத்தா?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள்.

"எதுக்குக் கோவிக்கிது? தண்ணியும் அதுதான் குடுத்துச்சு; ஒழுகுற கையையும் அதுதான் குடுத்துச்சு."

இந்தப் பதிலை நாம் குறித்து வைத்துக் கொண்டோம். ஆற்று நீருக்கு விலை இல்லை. அதை ஊற்றுவதற்குப் பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையும் அந்த வரிசையில் நின்று, "நானும் கொடுத்தேன்" என்று சொல்லிக் கொண்டு வீடு திரும்பலாம். கொடுப்பதற்கு முதலில் ஏதாவது சம்பாதித்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். ஊர் வழக்கம் அப்படி நினைக்கவில்லை. திருமூலர் கூட எல்லாருக்கும் இயன்ற கொடைகளைத்தான் சொல்லியிருக்கிறார். ஆண்டவனுக்கு ஓர் இலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு பிடி. அதற்கும் வழியில்லாதவனுக்கு ஒரு நல்ல வார்த்தை.

வீரபாண்டிக்கு அடுத்த பெரிய ஊர் சின்னமனூர். சரித்திரம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். பாண்டியர் வரலாற்றுக்குப் பெரிய ஆதாரமாக விளங்கும் சின்னமனூர்ச் செப்பேடுகள் இங்கே கிடைத்தவை. அவற்றில் பெரியது 10-ஆம் நூற்றாண்டில் இராசசிம்ம பாண்டியன் அளித்த ஒரு நிலக் கொடையைப் பற்றியது. கொடுத்த நிலத்தைப் பற்றிச் சொல்லுவதற்கு முன்னால், கொடுத்தவனுடைய முன்னோர்களின் வெற்றிகளையும் பெருமைகளையும் செப்பேடு விரிவாகச் சொல்லுகிறது. அதனால்தான் நமக்குச் சரித்திரம் கிடைத்தது. அதில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அரசனுக்குப் பொருந்தியது அனைவருக்கும் பொருந்துமா? இக்காலத்தில் கோயிலுக்கு ஒரு குழல் விளக்குக் கொடுக்கிறவர் விளக்கு முழுவதும் தம் பெயரையும், தகப்பனார் பெயரையும், கடையின் பெயரையும் எழுதி வைத்து விடுகிறார். எழுத்து போக மிச்சமிருக்கிற இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. இதைக் குழந்தைகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுவன், "அப்படியானால் அந்த விளக்கு அவர் பெயரைப் படிப்பதற்கு மட்டும்தான் எரிகிறதா, ஸார்?" என்று கேட்டான். இதற்கு மேல் அந்தப் பாடத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை என்று வண்டியை விடச் சொன்னோம்.

வழி நெடுக இரு புறமும் வயல்கள், தென்னந் தோப்புகள், வாழைத் தோட்டங்கள். பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள் கம்பத்தை நெருங்க நெருங்க அதிகமாகின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவு பசுமையையும் பார்த்துக் கொண்டே உத்தமபாளையம் வந்து சேர்ந்தோம்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்ட சிற்பங்கள். சமணர்கள் தானத்தை நான்காக வகுத்தார்கள். உணவு, மருந்து, கல்வி, அபயம். நான்காவது என்ன என்று குழந்தைகள் கேட்டார்கள். "பயந்து வந்தவனைப் பார்த்து, 'பயப்படாதே' என்று சொல்லி நிறுத்திக் கொள்வது" என்றோம். அது எப்படித் தானமாகும் என்று ஒருவன் சந்தேகம் எழுப்பினான். வேறொருவன் நமக்கு முன்னால் பதில் சொல்லி விட்டான். "இருட்டில் நீ என் கையைப் பிடித்துக் கொள்ளவில்லையா? அதுதான்" என்றான்.

இந்த ஊரிலேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி இருக்கிறது. 1956-ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. பள்ளத்தாக்கிலுள்ள எல்லாச் சமயத்தாரின் பிள்ளைகளும் அங்கே படித்து வெளியேறியிருக்கிறார்கள். முஸ்லிம்களுக்கு ஜகாத் என்பது மார்க்கக் கடமை. ஒரு வருஷம் கையிருப்பாக நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்கு உரியது என்று கணக்கே வகுத்திருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியை ஹிந்துக் குழந்தைகளும் தூக்குப் பாத்திரம் எடுத்துக் கொண்டு போய் வாங்கி வருவது நம் ஊர்களில் சாதாரணக் காட்சி. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவிலுள்ள அனுமந்தன்பட்டியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. தென் ஜில்லாக்களின் கிறிஸ்தவர்கள் 'அசனம்' என்ற பெயரில் ஊராரெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் விருந்து நடத்துகிறார்கள். பெயர் வேறு, பாஷை வேறு, தொழும் திசை வேறு. ஆனால் குழந்தை கற்றுக் கொள்ளுவது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: தன் பாத்திரத்தில் இருப்பது முழுவதும் தனக்கல்ல என்பது.

கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊர் முழுவதும் மாட்டு மணிச் சத்தம். அங்கே நந்தகோபாலன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. தம்பிரான் மாட்டுத் தொழு என்றும் சொல்லுவார்கள். கர்ப்பக்கிருகம், மூலவர் என்று தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அங்கே மாடுகள்தான் தெய்வம். மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்றுகளைத் தொழுவுக்கு விட்டுவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். பட்டத்துக் காளைக்குத் தனி மரியாதை. அன்றைத் தினம் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து கரும்பும், வாழைப்பழமும், அகத்திக் கீரையும், புல்லுமாகக் கொண்டு வந்து மாடுகளுக்கு ஊட்டிவிட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள்.

நமது குழந்தைகளில் பலர் வீட்டிலிருந்து வாழைப்பழச் சீப்புக் கொண்டு வந்திருந்தார்கள். நோட்டுப் புத்தகத்துப் பையன் ஒன்றும் கொண்டு வரவில்லை. வழியில் யாரோ கொடுத்த கரும்புத் துண்டு ஒன்று கையில் இருந்தது. அதிலும் பாதி தின்றாகிவிட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், மிச்சப் பாதியை நீட்டப் போனான். கூட வந்த ஓர் அம்மாள், "ஐயையோ, எச்சிலடா! சாமிக்கு எச்சிலைக் கொடுப்பதா?" என்று கையைப் பிடித்துக் கொண்டாள். அருகில் நின்ற ஒரு பெரியவர் சிரித்தார். "விடுங்க தாயி. மாட்டுக்கு ஏது எச்சி? தனக்குள்ளதுல பாதி குடுக்குறான். நாம எல்லாம் கடையில வாங்கிட்டு வந்ததைத்தானே குடுக்குறோம்?" என்றார்.

பையன் கொடுத்தான். மாடு நிதானமாக வாங்கி மென்றது. நன்றி சொல்லவில்லை; படம் பிடிக்கவும் யாரும் இல்லை. ஆயினும் அவன் முகத்தில் அப்போது தோன்றிய ஒளியை நாம் அவனுடைய வகுப்பில் ஒரு நாளும் கண்டதில்லை. வாங்குவதற்கென்றே எப்போதும் வரிசையில் நிறுத்தப்படுகிற குழந்தைக்கு மிகவும் தேவையானது இன்னொரு நோட்டுப் புத்தகம் அல்ல. தானும் கொடுப்பதற்கு ஓர் இடம். அந்த இடத்தை அந்தத் தொழு அவனுக்குக் கொடுத்தது. வீரபாண்டிக் கம்பம் அப்பத்தாவுக்கு அதைத்தான் கொடுத்திருந்தது. வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கக் கற்றுக் கொடுப்பதைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்கிற கை உண்டு என்பதை மறந்து விடுகிறோம்.

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக லோயர் காம்ப். அங்கே பள்ளத்தாக்கு முடிந்து மலை எழும்புகிறது. குமுளிக்குப் போகும் கொண்டையூசி வளைவுகள் அங்கேதான் தொடங்குகின்றன. மலைக்கு மேலிருந்து ராட்சசக் குழாய்களில் தண்ணீர் இறங்கி, மின்சாரத்தை உண்டாக்கிவிட்டு, ஆறாக ஓடத் தொடங்குகிறது. அந்த ஆற்றைத்தான் காலையில் வீரபாண்டியில் பார்த்தோம்.

இந்தத் தண்ணீர் இயல்பாக நம் பக்கம் வரவேண்டிய தண்ணீர் அல்ல. பெரியாறு மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்து கொண்டிருந்த நதி. மழை அந்தப் பக்கம் கொட்டிக் கொண்டிருக்க, இந்தப் பக்கத்து மதுரைச் சீமை வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான் வெகு காலமாகப் பேச்சில் மட்டும் இருந்த திட்டம் காரியத்துக்கு வந்தது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887-இல் வேலை ஆரம்பமாயிற்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணை எழுப்பி, தேங்கிய நீரை ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இந்தத் தண்ணீரால் இருபோகம் விளைகிறது. வைகை வழியாக மதுரைக்கும் அப்பாலும் அது போய்ச் சேருகிறது.

வேலையை நடத்தி முடித்த இஞ்சினீயர் ஜான் பென்னிகுவிக். 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி புனாவில் பிறந்தவர். 1911-இல் இங்கிலாந்தில் காலமானார். லோயர் காம்பில் அவருக்கு எழுப்பிய மணிமண்டபம் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் பள்ளத்தாக்கு ஜனங்கள் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் படத்தோடு ஊர்வலம் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. சில வீடுகளில் பூஜை அறையில் முருகனுக்கும் மீனாட்சிக்கும் பக்கத்தில் மீசை வைத்த வெள்ளைக்காரத் துரையின் படம் பொட்டும் பூவுமாக மாட்டியிருக்கும். வெளியூரார் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் போராடிய தேசம் நம்முடையது. அந்த ஆட்சியின் மேல் வைக்க வேண்டிய குற்றங்களில் எதையும் நம் ஜனங்கள் தள்ளுபடி செய்துவிடவில்லை. ஆனால் ஆட்சி வேறு, ஒரு மனிதன் செய்த உபகாரம் வேறு என்று பிரித்தறியும் விவேகம் அவர்களுக்கு இருக்கிறது.

அவர் தம் சொத்தையெல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று ஒரு கதை ஊரெங்கும் வழங்குகிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்று சரித்திர ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளிடம் இதையும் மறைக்காமல் சொன்னோம். சிலருக்கு வருத்தந்தான். ஆனால் நன்றி பொய்யின் மேல் நிற்க வேண்டிய அவசியம் என்ன? வெள்ளம் வந்து வேலையை அடித்துக் கொண்டு போன பிறகும், காய்ச்சல் பிடித்த காட்டில் மறுபடியும் முதலிலிருந்து வேலையை ஆரம்பித்தார்கள் என்பது உண்மை. நன்றி செலுத்துவதற்கு அந்த உண்மை போதும்.

மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பொங்கல் பானைகள் பொங்கிக் கொண்டிருந்தன. காலையில் வீரபாண்டியில் சாமியின் கோபத்தைப் பற்றி விசாரித்த பெண் குழந்தை சிலையை வெகு நேரம் பார்த்துக் கொண்டு நின்றாள். பிறகு நம்மிடம் வந்து, "ஸார், இவர் தண்ணீரைத் திருப்பினார். கல்லும் மண்ணும் சுமந்தது யாரு?" என்று கேட்டாள்.

காய்ச்சலாலும் காலராவாலும் அந்தக் காட்டில் வேலையாட்கள் பலர் இறந்து போனார்கள் என்று சொன்னோம். அவர்களுடைய பெயரெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு நாம் வாய் திறப்பதற்குள் அப்பத்தா, "பேரு எதுக்குத்தா? நம்ம பாட்டன் பூட்டனா இருப்பாக. வேற ஊருலருந்து வந்த மகராசங்களா இருப்பாக. நீ சோறு திங்கிறப்ப ஒரு வாய்க்கு அவுகள நெனச்சுக்க" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் தன் இலையில் வைத்த பொங்கலில் கொஞ்சம் எடுத்து, ஒரு வாழை இலைத் துண்டில் வைத்து, சிலையின் காலடியில் அல்ல, ஆறு ஓடுகிற பக்கமாக ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தாள். காகங்கள் சற்றும் தாமதம் செய்யவில்லை.

தமிழ் பாஷையில் நாம் இந்தக் குணத்துக்கு வைத்திருக்கும் பெயரை நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். நன்றி சொல்லுதல் என்று வள்ளுவர் வைக்கவில்லை. அறிதல் என்று வைத்தார். தட்டில் இருக்கும் சோறு எங்கிருந்து வந்தது, எந்த ஆற்றுத் தண்ணீரில் விளைந்தது, அந்த ஆற்றை யார் திருப்பினார்கள், திருப்பியவருக்கு யார் மண் சுமந்தார்கள், மழையை யார் தந்தார் என்று ஒரு குழந்தை அறியத் தொடங்கினால், அதற்கு நாம் நன்றி சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் தேடும் இடத்தில் சமயம் தானாக வந்து நிற்கும். அதே போல் ஔவையாரும் ஆத்திசூடியை அறத்தைக் கொண்டு ஆரம்பிக்கையில் 'செய்' என்று கட்டளை இடவில்லை. செய்வதற்கு ஆசைப்படும்படி சொன்னார். ஆசையைக் கட்டளையால் உண்டாக்க முடியாது. கொடுத்துப் பார்த்த கைக்குத்தான் அது உண்டாகும்.

நமது பாடசாலைகளிலும் இதற்கு வேண்டிய இடம் இருக்கிறது. 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைப் பரவச் செய்தார். 2022-ஆம் ஆண்டு முதல் காலைச் சிற்றுண்டியும் அரசாங்கப் பள்ளிகளின் ஆரம்ப வகுப்புகளில் போடுகிறார்கள். அந்தச் சோற்றை உண்ணும் குழந்தைக்கு, இது பிச்சை அல்ல என்று முதலில் சொல்ல வேண்டும். தீப்பெட்டியும் சோப்பும் வாங்கும்போது தன் தாய் கொடுத்த வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. விடியற் காலையில் அடுப்பு மூட்டிய ஒரு பெண்ணின் உழைப்பும் அதில் இருக்கிறது என்று அறிந்த குழந்தை, தலை குனிந்து வாங்காது. தட்டில் சோற்றை எறிந்துவிட்டும் போகாது. கடைசியில், பரிமாறுகிற கரண்டியை வாரத்துக்கு ஒரு நாள் அந்தக் குழந்தையின் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாம்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்கும் தாய்மார்களுக்குப் பழைய வழக்கம் ஒன்றை நினைவூட்டுகிறோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. நிறைந்தவுடன் அது கோயிலுக்கோ, மடத்துக்கோ, பசித்தவர் வீட்டுக்கோ போகும். மாதா கோயில் குடும்பங்களிலும் இந்தப் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. 1867-ஆம் ஆண்டில் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறதென்றால், இத்தகைய பிடிகள் வந்து சேர்ந்து கொண்டே இருப்பதனால்தான். இப்போது பல வீடுகளில் இந்தக் கலயத்தைக் காணோம்.

அதை மறுபடியும் அடுப்படியில் வைக்கலாம். கலயத்தின் மேல் யார் பெயரும் எழுத வேண்டாம். பிடி அரிசியை அம்மா எடுக்க வேண்டாம்; வீட்டிலுள்ள குழந்தை எடுக்கட்டும். குழந்தையின் கை சிறியது. கொஞ்சம் சிந்தவும் சிந்தும். கலயம் நிறைய நாளாகும். ஆகட்டுமே!